ஒரே பானம், பல விலை



பொருளாதாரப் பாடம் நடத்திய நாட்களில், ஒரு நகரில் ஒரே பொருளுக்கு ஒரே விலைதான் நிலைக்கும் என்று கரும்பலகையில் எழுதுவேன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, லண்டனில் அதே பீரின் விலை மதுச்சாலைக்கு மதுச்சாலை மாறுகிறதாமே, ஏன்?" என்றான். மதுவைத் தொட்டறியாத நான், "பிறகு சொல்கிறேன்" என்றேன். அக்கடனை இன்று தீர்க்கிறேன்.

இடத்தின் வாடகையும் ஆட்கூலியும் காரணங்களே. ஆயினும் வரலாறு மற்றொன்றையும் காட்டுகிறது.

1830-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் செய்த சட்டத்தின்படி, வரி செலுத்தும் குடித்தனக்காரர் எவரும் இரண்டு கினி கட்டிப் பீர்க்கடை திறக்கலாம். கடைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. 1869-இல் வேறொரு சட்டம் அவற்றை மாஜிஸ்டிரேட்டுகளின் அதிகாரத்துக்கு உட்படுத்தியது. புதிய லைசென்சு அரிதாகவே, இருந்த கடைகளின் மதிப்பு ஏறியது. அந்நூற்றாண்டின் இறுதியில் பீர் ஆலை முதலாளிகள் அவற்றைப் போட்டியிட்டு வாங்கினர். 'எம் ஆலைப் பீரையே வாங்கி விற்றல் வேண்டும்' என்ற நிபந்தனையோடு குத்தகைக்கு விட்டனர். இவை கட்டுண்ட கடைகள். ஏனையவை கட்டற்ற கடைகள். கட்டற்றவர் மலிவான இடத்தில் கொள்முதல் செய்யலாம். கட்டுண்டவரோ உடையவர் சொன்ன விலையைக் கொடுத்தே தீர வேண்டும்.

ஒரே மதுச்சாலைக்குள்ளும் விலை வேறுபட்டதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், உழைப்பாளர் நின்று குடித்த பொது அறையைவிட, கம்பளம் விரித்த 'சலூன்' அறையில் அதே பீருக்கு விலை கூடுதல். அங்கே விற்கப்பட்டது பானம் மட்டுமன்று, மதிப்புங்கூட.

1989-இல் அரசாங்கம் இக்கட்டைத் தளர்த்த முனைந்தது. 2,000 கடைகளுக்கு மேல் வைத்திருந்த ஆலைகள், மிகையானவற்றில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்குமாறு ஆணை பிறந்தது. விளைந்தது என்ன? விற்கப்பட்ட கடைகளில் பல பெருங்கம்பெனிகளின் கைக்குப் போயின. அவையும் பழைய நிபந்தனையையே விதித்தன! 2016-இல்தான், 500 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுண்ட கடைகளையுடைய கம்பெனிகளின் குத்தகைக்காரர்கள், குறிப்பிட்ட சமயங்களில், சந்தை வாடகையை மட்டும் செலுத்திவிட்டு விரும்பிய இடத்தில் பீர் வாங்கும் உரிமையை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கோர முடிந்தது.

கடையின் உடைமையாளர் மாறினார், கட்டு மாறவில்லை. ஆகவே, விலைப்பலகையைக் காணும்போது அதன் பின்னாலுள்ள ஒப்பந்தத்தையும் தேடுங்கள்.

அன்று நான் எழுதியது பாதி விதியே. 'வாங்குபவரும் விற்பவரும் கட்டற்றவராயின்' என்று அதன்கீழ் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். அந்த மாணவன் கேட்டிராவிடில் இதை நான் அறிந்திருக்க மாட்டேன்.