கெஸ்விக் நகரத்து மலைவலம்

இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகளும் குன்றுகளும் நெருங்கிக் கிடக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் பிரதேசத்தில், கெஸ்விக் என்னும் சிறு நகரத்தின் கடைத்தெரு நடுவே, 1813-ல் எழுப்பிய மூட் ஹால் என்ற மண்டபம் நிற்கிறது. அதன் வாசலிலிருந்து புறப்பட்டு, 42 சிகரங்களை ஏறியிறங்கி, சுமார் 66 மைல் தூரத்தையும் மொத்தத்தில் 27,000 அடி ஏற்றத்தையும் கடந்து, 24 மணி நேரம் தீர்வதற்குள் அதே வாசலுக்கு ஓடிவந்து சேர்வதற்குப் 'பாப் கிரஹாம் சுற்று' என்று பெயர். பந்தயமும் அல்ல, பரிசும் இல்லை. ஆயினும் அந்தக் குன்றுகளில் ஓடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் வேறில்லை.

ஒரு நாளைக்குள் எத்தனை சிகரம் ஏறலாம் என்ற இந்த விசித்திரமான ஆசையைத் தொடங்கிவைத்தவர்கள் விக்டோரியா மகாராணி காலத்துக் கனவான்கள். 1864-ல் எலியட் என்ற பாதிரியார் வாஸ்டேல் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த ஒன்பது சிகரங்களை எட்டரை மணி நேரத்தில் சுற்றிவந்தார். 1905-ல் வேக்ஃபீல்ட் என்ற வைத்தியர், பின்னர் 1922-ல் எவரெஸ்ட் யாத்திரைக்கும் சென்றவர், 59 மைலை 22 மணி 7 நிமிஷத்தில் முடித்தார். பதினைந்து வருஷம் கழித்து, அந்தச் சாதனையை முறியடிக்க மாஞ்செஸ்டர் நகரத்து இன்ஜினீயர் யூஸ்டஸ் தாமஸ் முன்வந்தபோது, வேக்ஃபீல்டே அவருக்கு வழித்துணையாகக் கூட வந்தார் என்பது இந்தச் சரித்திரத்திலேயே என் மனத்துக்கு மிகவும் உகந்த செய்தி. தன்னுடைய கீர்த்தியைப் பறிக்க வந்தவனுக்குத் தானே பாதை காட்டுகிற பெருந்தன்மை அன்று தொடங்கி அங்கே ஒரு சம்பிரதாயமாகவே வேரூன்றிவிட்டது.

பாப் கிரஹாம் கெஸ்விக்கில் யாத்திரிகர் விடுதி நடத்தியவர். 1931-ல் முயன்று தோற்றவர், மறு ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி இரவு ஒரு மணிக்கு, டென்னிஸ் காலணியும் பைஜாமாச் சட்டையும் அரைக்கால் சராயுமாக மூட் ஹாலை விட்டுக் கிளம்பினார். ரொட்டி வெண்ணெய், அரைவேக்காட்டு முட்டை, பழம், மிட்டாய் இவையே ஆகாரம். நண்பர்கள் சிலர் முறைவைத்துக் கூட ஓட, 23 மணி 39 நிமிஷத்தில் திரும்பிவந்து சேர்ந்தார். விளம்பரம் தேடுகிற சுபாவம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை; விடுதிக்காரராகவே காலத்தைக் கழித்தார்.

பிற்காலத்தில் சிற்சில சிகரங்கள் மாறினாலும் பாதையின் அமைப்பு மாறவில்லை. பிரதக்ஷிணமாகச் செல்கிறவர்கள் முதலில் 931 மீட்டர் உயரமுள்ள ஸ்கிடாவில் ஏறுகிறார்கள். வானம் தெளிந்திருந்தால் சால்வே கழிமுகமும் அதற்கப்பால் ஸ்காட்லாந்து மலைகளும் தெரியும். பிறகு பிளென்காத்ரா, ஹெல்வெலின் முதுகுத்தொடர், டன்மெயில் கணவாய், லாங்டேல் குன்றுகள் என்று போய், இங்கிலாந்திலேயே மிக உயர்ந்த ஸ்கேஃபெல் பைக் வருகிறது. அது 978 மீட்டர். மேற்கே கடல் விரிந்து கிடக்கும் அந்தக் காட்சியை நிதானமாகப் பார்க்கிறவர் துணைக்கு வந்த நண்பராகத்தான் இருக்க வேண்டும்; ஓடுகிறவரின் கண் அடுத்த கல்லை விட்டு அகலுவதில்லை. அகலவும் கூடாது, ஏனெனில் எதிரே நிற்கும் ஸ்கேஃபெல்லுக்கும் இதற்கும் நடுவில் பிராட் ஸ்டாண்ட் என்ற பாறைப் படிகள் இருக்கின்றன. உடலைப் பக்கவாட்டில் திருப்பி ஓர் இடுக்கில் நுழைத்து, சாய்வான சிறு மேடையில் கால் ஊன்றி, ஈரம் கசியும் மூலையில் கைப்பிடி தேடி மேலே உந்த வேண்டும். தவறினால் கீழே பாதாளம். 1802-ல் கவிஞர் கோலரிட்ஜ், வழி தெரியாமல் இதே பாறைகளில் படிக்குப் படி தொங்கிக் குதித்து இறங்கி உயிர் தப்பினார். அஞ்சுகிறவர்கள் கீழே இறங்கி வேறு வழியாகச் சுற்றி ஏறலாம், நேரந்தான் விரயமாகும். அதன் பின் வாஸ்டேல், யூபேரோவின் செங்குத்து ஏற்றம், பில்லர், கிரேட் கேபிள், ஹானிஸ்டர் கணவாய். கடைசியாக ராபின்சன் குன்றிலிருந்து இறங்கினால் கெஸ்விக்குக்குத் தார்ச்சாலை.

கிரஹாமின் சாதனை 28 வருஷம் அசையாமல் நின்றது. 1960-ல் ஆலன் ஹீட்டன் அதை மீண்டும் செய்துகாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிவு பிறந்தது. 1971-ல் சங்கம் அமைந்தது. அங்கத்தினராக விரும்புகிறவர் ஒவ்வொரு சிகரத்தையும் தொட்டதற்குச் சாக்ஷி வேண்டும் என்பது விதி. வஞ்சகத்தைத் தடுக்கவே ஏற்பட்ட விதி என்றாலும், தனியாக ஓடுகிறவனுக்கு இடமில்லாமற் செய்து, தண்ணீரும் ஆகாரமும் திசைகாட்டியும் சுமந்துகொண்டு நள்ளிரவில் கூட வரும் ஒரு தோழமையை அது வளர்த்தது. இன்று உதவி பெற்றவன் நாளை இன்னொருவனுக்குச் சுமக்கிறான்.

வாஸ்டேல் ஆட்டிடையர் ஜாஸ் நேலர், இளமையிலேயே முதுகிலும் முழங்காலிலும் ரணசிகிச்சை செய்துகொண்டவர், 1975-ல் ஒரே நாளில் 72 சிகரங்களைத் தொட்டார். கல் கட்டுமானத் தொழிலாளியான பில்லி பிளாண்ட் 1982-ல் 42 சிகரங்களையும் 13 மணி 53 நிமிஷத்தில் சுற்றினார். 36 வருஷம் நிலைத்த அந்தக் கணக்கை ஸ்பெயின் தேசத்துக் கிலியன் ஜோர்னே 12 மணி 52 நிமிஷமாகக் குறைத்து மூட் ஹாலை அடைந்தபோது, வரவேற்கக் காத்திருந்தவர்களில் பிளாண்டும் ஒருவர். 2022-ல் அமெரிக்கரான ஜாக் குன்சல் அதையும் 12 மணி 23 நிமிஷமாக்கினார்.

பெண்களில் முதலில் முடித்தவர் ஜீன் டாஸ், 1977-ல், 23 மணி 37 நிமிஷத்தில். கிரஹாமை விட இரண்டு நிமிஷம் முன்னதாக. 2020-ல் பெத் பாஸ்கல் 14 மணி 34 நிமிஷத்தில் திரும்பிவிட்டார்.