வாழையிலைப் படுக்கை

வெடிவிபத்துகளைக் கண்ட சிவகாசி வட்டாரத்தில், வெந்த உடலை வாழையிலையில் கிடத்துவது நமக்குப் புதிய செய்தியன்று. உரிந்த தோல் அதில் ஒட்டுவதில்லை. ஆயினும் நெருப்பே தீண்டாமல் அவ்விலையில் படுக்க நேர்ந்தவரும் உளர். அவர்களைப் பற்றிய நோய் 'பெம்பிகஸ்'. கொப்புளத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். தோலின் அணுக்களைப் பிணைக்கும் புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றலே பகையென்று தாக்குகிறது. தோல் பிரிந்து நீர் கோக்கிறது. பலருக்கு வாய்ப்புண்ணாகவே தொடங்கும்; கஞ்சியும் எரியும்.

கொப்புளத்தை 'முத்து' என்றழைத்து வேப்பிலை கட்டிய கரிசல் மண் நம்முடையது. சின்னம்மை தொற்றும், இந்நோய் தொற்றாது. இருந்தும் நோயாளியின் பாயையும் தட்டையும் ஒதுக்கிவைக்கிறோமே!

1950-களில் ஸ்டீராய்டு மருந்துகள் வரும்வரை இந்நோய் கண்டோருள் பெரும்பாலோர் மாண்டனர். 1964-இல் அமெரிக்காவில் பியூட்னரும் ஜார்டனும் நோயாளிகளின் குருதியில் அந்த எதிர்ப்பொருளைக் கண்டனர். ஏழைகளுக்கு எட்டும் வழியைத் தந்தது நம் நாடே எனலாம். 1980-களில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் டாக்டர் பஸ்ரிச்சா வகுத்த முறை அது: 28 நாளுக்கொரு முறை, தொடர்ந்து மூன்று நாள் டெக்சாமெத்தசோன் 100 மில்லிகிராம் சிரைவழியே ஏறும், அதில் ஒரு நாள் சைக்ளோபாஸ்பமைடும் சேரும்.

முறை தவறினால் கொப்புளம் மீளக்கூடும். பட்டாசு செய்யும் பெண்ணுக்கோ, செய்த உருப்படிக்குத்தான் கூலி. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் பேருந்தேறிய காலம் போய், 2022-இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வழித்தொலைவு குறைந்தது, கூலியிழப்பு குறையவில்லை. துணைக்குப் போகிறவருக்கும் அதே மூன்று நாள்.