தலைகீழாய்ப் போன நாள்கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்று ஐரோப்பிய மருத்துவர்களிடம் போன தம்பதிகளுக்கு ஓர் ஆலோசனை கிடைத்தது. மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் சேராதீர்கள். இரண்டு விலக்குகளுக்கும் நடுவில் உள்ள நாட்களில் பயமில்லை. உண்மையில் கரு தங்க அதிக வாய்ப்புள்ள நாட்களே அவைதான். படித்தவர்கள் நல்லெண்ணத்தோடு சொன்ன வார்த்தையை நம்பி எத்தனை பெண்கள் வேண்டாத கர்ப்பத்தைச் சுமந்தார்களோ, யாரும் கணக்கெடுக்கவில்லை.

இந்தப் பிழையின் தொடக்கம் நாய்களிடம் இருக்கிறது. 1840-களில் ஜெர்மானிய ஆய்வாளர் தியோடோர் பிஷோஃப், பெண் நாய்க்குப் பருவம் வரும்போது ஆண் நாயோடு சேராவிட்டாலும் கருமுட்டை தானாகவே வெளிவருகிறது என்று காட்டினார். அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் பருவத்துக்கு வரும் நாய்க்கு ரத்தம் கசியும். பெண்ணுக்கும் மாதாமாதம் ரத்தம் போகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிரான்சின் ரூவான் நகரத்து இயற்கை ஆய்வாளர் பூஷே 1847-இல் இதை விதியாகவே எழுதினார்: விலக்கு நாட்களிலும் அதையடுத்த பன்னிரண்டு நாட்களுக்குள்ளும்தான் கருத்தரிக்க முடியும்.

இரண்டும் ஒன்றல்ல. நாய்க்குக் கசிவது கருமுட்டை வெளிவருவதற்கு முன்பு, கருப்பை ரத்த ஓட்டம் பெருகித் தயாராகும்போது. பெண்ணுக்கு வருவதோ, முட்டை வந்து, கரு தங்காமல் போனபின், கருவை ஏற்கத் தடித்திருந்த உட்சுவர் உதிர்வதால். ஒன்று வரவேற்பு, மற்றது வழியனுப்பல்.

விலங்கைப் பார்த்துப் பெண்ணின் உடலை ஊகிப்பது பூஷே காலத்தில் தொடங்கிய பழக்கமன்று. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் புகழ்பெற்றிருந்த மருத்துவர் காலென், மனித உடலை அறுத்துப் பார்க்க வழியில்லாமல் குரங்கையும் பன்றியையும் அறுத்தார். அவர் எழுதியதை மனிதருக்கும் உரியதாகவே ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் படித்தார்கள். இடைக்காலத்தில் கருப்பைக்கு ஏழு அறைகள் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. வலப்பக்கத்து மூன்றில் ஆண், இடப்பக்கத்து மூன்றில் பெண், நடு அறையில் இரண்டும் கலந்த பிள்ளை. பொலோஞ்ஞாவில் உடற்கூறியல் அறிஞர் மொந்தினோ 1315-இல் இரண்டு பெண்களின் உடல்களை அறுத்தவர். ஒருத்தியின் கருப்பை மற்றவளுடையதைவிடப் பெரிதாக இருந்ததைக் குறித்தும் வைத்தார். அவருடைய நூலிலும் அந்த ஏழு அறைகள் இருக்கின்றன! கையில் இருந்த கருப்பையைவிடப் பழைய ஏட்டுக்கு வலு அதிகமாக இருந்திருக்கிறது. 1511 வாக்கில் கருப்பைக்குள் சுருண்டிருக்கும் சிசுவை அத்தனை நேர்த்தியாக வரைந்த லியொனார்டோ டா வின்சியும், அதற்குக் கொடுத்தது பசுவின் நஞ்சுக்கொடியை.

விலங்கு ஆய்வே வீண் என்று சொல்லிவிட முடியாது. டெல்ஃப்ட் நகரத்து ரெக்னியெர் த கிராஃப் 1672-இல், சினைப்பையில்தான் முட்டை உருவாகிறது என்று முயல்களை வைத்தே வாதிட்டார். அவர் பார்த்த கொப்புளங்கள் முட்டைகள் அல்ல, முட்டையைச் சுமக்கும் பைகள். உள்ளிருந்த முட்டையை, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே உள்ள அந்தப் பொட்டை, 1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபோன் பேயர் கண்டதும் ஒரு நாயின் சினைப்பையில்தான். விலங்கு காட்டிய வழி பெண்ணுக்கும் பொருந்துகிறதா என்று சரிபார்க்காமல் விட்டதே குற்றம். அந்தக் குற்றத்துக்கு வயது மிக அதிகம்.

சரிபார்த்தவர் ஜப்பானின் நீகாதா நகரத்து மகப்பேறு மருத்துவர் ஓகினோ கியுசாகு. வேறு நோய்களுக்காக வயிற்றில் அறுவை செய்யும்போதெல்லாம் அவர் சினைப்பையைக் கவனித்தார். முட்டை வெளியேறிய தடம் அதில் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு புதியது என்று பார்த்தார். கூடவே, கடைசி விலக்கு எப்போது வந்தது, அடுத்தது எப்போது வந்தது என்று அந்தப் பெண்களிடமே கேட்டுக் குறித்துவைத்தார். நூற்றாண்டுகளாகப் பெரிய பெரிய அறிஞர்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது. 1924-இல் அவர் வெளியிட்ட முடிவு பழைய கணக்கைப் புரட்டிப் போட்டது: அடுத்த விலக்குக்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன் முட்டை வெளிவருகிறது. சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாவுஸ் தனியாக ஆய்ந்து ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஓகினோ எண்ணியது பின்னாலிருந்து என்பதைப் பலர் இன்றும் விட்டுவிடுகிறார்கள். 'பதினாலாம் நாள்' என்று எல்லாருக்கும் ஒரே கணக்குச் சொல்வது 28 நாள் சுழற்சிக்கு மட்டுமே ஓரளவு சரி. 35 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்கு முட்டை வருவது 21-ஆம் நாளை ஒட்டித்தான். முட்டை ஏறக்குறைய ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். விந்தணுவோ ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். அடுத்த விலக்கு என்றைக்கு வரும் என்பதோ முன்கூட்டியே உறுதியாகத் தெரியாது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நாள்கணக்கை மட்டும் நம்ப முடியாமல் போவது இதனால்தான்.

ஓகினோவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. குழந்தைக்காக ஏங்கும் பெண்களுக்கு ஏற்ற நாளைச் சொல்லத்தான் அவர் தம் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தினார். ஐரோப்பாவில் அதையே கருத்தடை வழியாக்கி அவர் பெயரையும் சூட்டியபோது, இது தவறிப் போகும், வேண்டாத கர்ப்பங்களில் கொண்டுபோய் விடும் என்று அவரே எதிர்த்தார்.