குப்பிக்குள் இருப்பது என்ன? நறுமணத் தைலங்களின் பெயரும் பொருளும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி வரை நீளும் நிலம் வானம் பார்த்த பூமி. கண்மாய்க் கரைகளில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் இந்தச் சீமையில், கோயில் திருவிழா நாட்களில் மட்டும் வேறொரு வாசனை வந்து சேரும். வளையலும் பாசிமணியும் விற்கும் கடைகளுக்கு நடுவே, சுண்டுவிரல் அளவுக் குப்பிகளை அடுக்கி வைத்திருப்பார் ஒரு வியாபாரி. சந்தனம், மல்லிகை, கஸ்தூரி, ஜவ்வாது என்று பெயர் சொல்லிப் புறங்கையில் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார். முகர்ந்து பார்த்து வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவோம். உள்ளே இருப்பது என்ன என்று கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை.

இன்று அதே குப்பி நகரங்களில் ‘கைவினைத் தைலம்’, ‘சாராயம் கலவாதது’, ‘முற்றிலும் இயற்கை’ என்ற அடைமொழிகளோடு பல மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது. சிறு தயாரிப்பாளர்கள் பலர் இத்தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். திருவிழாக் கடையில் கேட்காத கேள்வியை இவர்களிடமாவது கேட்க வேண்டாமா? கேள்வி புதியதன்று, நம்முடைய பழைய நூல்களும் வணிகரும் அதை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். சவ்வாது என்பது ஆதியில் புனுகுப் பூனையிடமிருந்து வழித்தெடுக்கும் பிசினையே குறித்தது. அரபு மொழியின் ‘ஸபாத்’ என்ற சொல்லோடு அதை உறவுபடுத்துவர். நரிக்குடிக்குக் கிழக்கே, பார்த்திபனூரைத் தாண்டிப் பரமக்குடியை அடுத்துள்ள எமனேசுவரத்தில் வாழ்ந்த புலவர் ஒருவர் சவ்வாதுப் புலவர் என்றே இலக்கிய வரலாற்றில் அறியப்படுகிறார்; முகியித்தீன் ஆண்டவர் பிள்ளைத்தமிழ் பாடியவர் அவர். மனிதருக்குச் சூட்டத் தக்க அளவுக்கு அந்தப் பொருள் மதிக்கப்பட்டிருக்கிறது. இன்று ஜவ்வாது என்று விற்கப்படும் தூளிலும் தைலத்திலும் பூனையின் சம்பந்தம் அநேகமாக இல்லை. பொருள் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. கஸ்தூரிக்கும் இதே கதைதான்.

பெயரும் பொருளும் பிரியாதிருந்த காலத்தில் கலவை எப்படிப் பதிவாயிற்று? சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீர், பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறியது என்று எண்ணிக்கையோடு சொல்லப்படுகிறது. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் அந்த எண்ணிக்கையோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றின் உறுப்புகளையும் பெயர் சொல்லி அடுக்குகிறார். விரை ஐந்தும் கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பன. உ.வே. சாமிநாதையர் 1892இல் இந்த உரையோடு சிலம்பைப் பதிப்பித்ததால், ஒரு நடன மங்கையின் குளியல் நீரில் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரிகிறது. நாம் நேற்று வாங்கிய குப்பியைப் பற்றி இவ்வளவு தெரியாது.

ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் வாசனைக் கலவைக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். பதினாறு பொருள்களில் நான்கு நான்காகத் தேர்ந்து, பங்குகளை மாற்றி மாற்றிக் கலந்தால் 1,74,720 வகை மணங்கள் பிறக்கும் என்று கணக்கிட்டார். மணம் என்பது அளவும் விகிதமும் சார்ந்த வித்தை என்ற தெளிவு அதில் இருக்கிறது. அதற்கு முந்திய அர்த்தசாஸ்திரமோ வாங்குபவரின் பக்கம் நின்று பேசுகிறது. அரசுக் கருவூலத்தில் சேரும் சந்தனத்தையும் அகிலையும் பிறந்த இடம், நிறம், மணம், தோலில் ஒட்டும் தன்மை, சூடு தாங்கும் தன்மை என்று வகைப்படுத்திச் சோதிக்கச் சொல்கிறது. ஆக, செய்பவருக்கு ஒரு நூலும் சோதிப்பவருக்கு ஒரு நூலும் இருந்திருக்கின்றன.

வணிகருக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாரூஸ் பகுதியில், 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது. துறைக்கு வரும் கலத்தார் செலுத்த வேண்டிய பொன், கஸ்தூரியின் விலையை அளவுகோலாகக் கொண்டு அதில் குறிக்கப்படுகிறது. ஒரு நறுமணப் பொருள் கட்டணத்துக்கே அளவுகோலாக வேண்டுமானால், அது கலப்படமற்றது என்ற நம்பிக்கை கடல் கடந்தும் செல்லுபடியாகியிருக்க வேண்டும்.

அந்த நம்பிக்கை எங்கே தளர்ந்தது என்பதைச் சந்தனத்தின் கதை காட்டுகிறது. அத்தர்த் தொழிலுக்குப் பேர்பெற்ற கன்னோஜில், செப்புப் பானையில் பூவும் நீரும் இட்டு, வாயைக் களிமண்ணால் பூசி, மூங்கில் குழாய் வழியாக ஆவியை வேறொரு செப்புக் கலத்துக்குள் செலுத்துவர். அந்தக் கலத்தில் காத்திருப்பது சந்தனத் தைலம். அது பூவின் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீரை வடித்துவிட்டு, மறுநாள் புதுப் பூவோடு மீண்டும் தொடங்குவர். இப்படிப் பல நாட்கள். ஆகவே பழைய முறையில் மல்லிகை அத்தர் என்றாலும் அதன் உடல் சந்தனமே.

சந்தனமோ அருகிவந்த மரம். 1792இல் திப்பு சுல்தான் அதை அரச மரமாக அறிவித்தார் என்பர். முதல் உலகப் போரால் ஐரோப்பியச் சந்தை துண்டிக்கப்பட்ட நிலையில், 1916இல் மைசூர் அரசு தானே தைலம் வடிக்கத் தொடங்கிற்று. பிற்காலத்தில் கள்ளக் கடத்தலால் காடுகள் வெறுமையாயின. தமிழ்நாட்டில் 2002இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே, சொந்த நிலத்தில் வளரும் சந்தன மரம் நில உடைமையாளருக்கு உரியதாயிற்று. மரம் அருகி விலை ஏறியபோது, ஏற்புக் கலத்தில் சந்தனத் தைலத்தின் இடத்துக்குத் திரவப் பாரஃபின் வந்தது. பானை அதே பானை, கைவினைஞர் அதே கைவினைஞர். ‘மரபு முறையில் தயாரித்தது’ என்ற சொல் பொய்யுமாகாது. ஆனால் உடல் மாறிவிட்டது. செய்முறை உண்மையாக இருந்தால் பொருளும் உண்மையாக இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்வதில்தான் பிழை நேர்கிறது.

சந்தனத் தைலத்தைச் சோதிக்க வழி உண்டு. 2002ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தர வரையறை, அதில் ஆல்பா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடும் பீட்டா சாண்டலால் 16 முதல் 24 விழுக்காடும் இருக்க வேண்டும் என்கிறது. ஆய்வகத்தில் அளந்துவிடலாம். புறங்கையில் தேய்த்து முகர்ந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மல்லிகைக்கு வருவோம். இது நம் நிலத்தோடு நேரடித் தொடர்புடையது. அருப்புக்கோட்டைப் பகுதியிலும் மல்லிகை பயிராகிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடையில் பூ குவிந்து விலை சரியும்போது, மிஞ்சுவது வாசனை ஆலைகளுக்குப் போகும். அங்கே ஹெக்சேன் என்னும் கரைப்பானில் பூவை ஊறவைத்து மெழுகு போன்ற சாரத்தைப் பிரிக்கிறார்கள். ஆயிரம் கிலோ குண்டுமல்லியிலிருந்து கிடைக்கும் மெழுகு இரண்டு கிலோவுக்கும் குறைவு. அதைச் சாராயத்தில் கழுவி எடுக்கும் தூய சாரம் அதிலும் குறைவு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுக் கிள்ளும் பெண்களின் உழைப்பு அத்தனையும் அந்தச் சிறு அளவில் அடங்கியிருக்கிறது. மல்லிகைத் தைலம் என்று மிக மலிவாக ஒரு குப்பி கிடைத்தால், அதில் பெரும்பங்கு ஆலையில் தொகுத்த பென்சைல் அசிட்டேட் போன்ற வேதிப்பொருளாகவே இருக்கும். அதன் மேல் ‘மதுரை மல்லி’ என்று எழுதும்போது, பூவின் பேர் விற்கிறது, பூ விற்கவில்லை. நட்டம் வாங்குபவருக்கு மட்டுமன்று.

செயற்கை மணப்பொருளைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1888இல் ஆல்பெர்ட் பாவர் தற்செயலாகக் கண்டறிந்த செயற்கைக் கஸ்தூரியும் அதன் வழியில் வந்தவையும் இல்லையெனில், கஸ்தூரி மானின் கதி இன்னும் மோசமாகியிருக்கும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த மானைக் காக்கிறது. எனவே கடையில் ‘அசல் கஸ்தூரி’ என்று ஒருவர் சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டும் அல்லது குற்றமாக இருக்க வேண்டும். இயற்கை என்பதாலேயே தீங்கற்றது என்பதும் சரியன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் ஒவ்வாமை தரக்கூடிய 26 மணப்பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்றது. 2023இல் அப்பட்டியல் விரிவாயிற்று. மல்லிகையில் தானாகவே இருக்கும் லினலூலும் அந்த 26இல் ஒன்று.

கன்னோஜில் மண் அத்தர் என்று ஒன்று உண்டு. சுட்ட களிமண்ணைப் பானையிலிட்டு வடித்தெடுக்கும் முதல் மழையின் வாசம். 1964இல் அந்த வாசத்துக்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயரிட்ட ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தத் தைலத்தையும் குறிப்பிட்டார்கள். மறு ஆண்டே ஜியோஸ்மின் என்ற பொருள் மண்வாசனைக்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. இன்று அதன் சிறு துளி கொண்டே மழை வாசத்தைக் கலந்துவிடலாம். நரிக்குடிச் சம்சாரி ஒருவர், ஆவணியோ ஐப்பசியோ, மழை விழுந்த முதல் நிமிடத்தில் எது அசல் என்று அறிவார். குப்பியில் அடைத்ததும் அந்த அறிவு அவருக்கும் உதவாது. செய்தவர் சொன்னால்தான் உண்டு.

எனவே சிறு தயாரிப்பாளர்களிடம் நாம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். அடித்தைலம் எது? பூ எந்த ஊரிலிருந்து வந்தது, வடித்ததா, கரைப்பானில் எடுத்ததா? செயற்கைப் பொருள் எவ்வளவு? தொழில் ரகசியம் விகிதத்தில் இருக்கட்டும். உறுப்புகளின் பெயரையாவது சொல்லலாம். அடியார்க்குநல்லார் ஒரு காப்பியத்துக்கு உரை எழுதும்போதே அந்தக் கடமையைச் செய்திருக்கிறார். காசு வாங்கி விற்பவருக்கு அது அதிகம் என்று நமக்குத் தோன்றவில்லை.