பொறியும் பூட்டும்



என்னிடம் கல்வி பயின்ற மாணவன் ஒருவன், சில ஆண்டுகட்கு முன்னர் நகரத்துப் புடவைக் கடையொன்றிற் சிப்பந்தியாய் அமர்ந்தான். ஒருநாட் காலை, கடையின் பின்னறையிற் சேலைக் கட்டொன்றைக் காணவில்லை. ஆமைப்பூட்டு உடைபடவில்லை, கூரையும் பிரிக்கப்படவில்லை. ஆகவே, திறப்பைக் கையிலே வைத்திருந்த பையனே கள்வன் என்று முடிவாயிற்று. இரண்டு கிழமை கழிந்தபின், அக்கட்டு வேறோர் ஊர்க் கிளைக்கு அனுப்பப்பட்டிருந்தமை கணக்குப் புத்தகத்தினின்றும் வெளிப்பட்டது. வாணிகஞ் செய்யும் இடத்தைக் காப்பது எங்ஙனம் என்னும் வினா அன்று தொட்டு என் உள்ளத்தை விட்டு அகன்றதில்லை. நம் முன்னோர் இதனை எவ்வாறு எண்ணினர் என்பதை இன்று சிறிது நோக்குவோம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளை உடையது. கரிகாற் சோழனின் துறைமுகமாகிய காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத் தெருவை அதிலே காண்கின்றோம். கடலினின்று கரைக்கு இறங்கியனவும், கரையினின்று கடலுக்கு ஏறுவனவுமாகிய பண்டங்கள் அளவின்றிக் குவிந்து கிடக்கின்றன. அரசனுடைய அலுவலாளர், ஞாயிற்றின் தேர்க்குதிரைகள் போல ஓய்வின்றி உழைத்துச் சுங்கங் கொள்கின்றனர். பண்டங்களின்மீது சோழரின் புலி இலச்சினையைப் பொறிக்கின்றனர். சுற்றிலும் கடுங்காவல். அத்துணைக் காவலுக்கு நடுவிலும், பொதிகள் அடுக்கிய முற்றத்திலே நாய்களும் ஆட்டுக் கடாக்களும், மலைச்சாரலில் வருடையாடு துள்ளுமாறு போலத் துள்ளித் திரிகின்றன. அந்த ஆட்டுக் கடாக்களைப் புலவர் விட்டுவிடாமற் பாடி வைத்தமைக்காக நான் அவருக்கு நன்றி பாராட்டுவதுண்டு.

அதே பட்டினத்தை இளங்கோவடிகள் பிற்காலத்தே பாடும்போது, ஐவகை மன்றங்களைக் கூறுகின்றார். அவற்றுள் ஒன்று வெள்ளிடை மன்றம். புதிதாய் வந்த வணிகரின் பொதிகள் அங்கே வெட்டவெளியிற் கிடக்கும். உடையவன் பெயரும் சரக்கின் அளவும் அப்பொதிகளில் எழுதப்பட்டிருக்கும். வாயிற்கதவு இல்லை, தாழ் இல்லை, காவலாளனும் இல்லை. எவனேனும் களவாட முற்படின், அம்மன்றத்தின் ஆற்றல் அப்பொதியை அவன் தலையில் ஏற்றிச் சுழலச் செய்யுமேயன்றிக் கொண்டுசெல்ல விடாது. அற்புதத்தை நம்புவோர் நம்புக. அதனை ஒருபுறம் ஒதுக்கிப் பார்ப்பினும், எழுத்து எஞ்சி நிற்கின்றது. பிறன் பெயர் எழுதிய பொதியை எவன் வாங்குவான்? எந்த அங்காடியிலே அதனை விற்பது? பூட்டு, பொருளை ஓரிடத்திலே மறைத்து வைக்கின்றது. பெயரோ, பொருள் எங்கே சென்றாலும் அதனோடு கூடச் செல்கின்றது.

இஃது ஏட்டிலே மட்டும் உள்ள செய்தியன்று. எகிப்து நாட்டின் செங்கடற் கரையிலுள்ள குசெயிர் என்னும் பழந்துறையில் அகழ்ந்தபோது, கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்திற் கீறப்பெற்ற பானையோடுகள் கிடைத்தன. அந்நாட்டோடு தொடர்புடைய மற்றொரு சான்றும் உண்டு. வியன்னாவிலே பேணப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசுத் தாள் அது. 1985ஆம் ஆண்டிற் பதிப்பிக்கப்பெற்றது. முசிறியோடு நடந்த வாணிகத்தின் பொருட்டுக் கடன்பட்டவன் கிரேக்க மொழியிலே எழுதிக்கொடுத்த உடன்படிக்கை. சரக்கை நம்பத்தக்க ஒட்டகக்காரனிடம் ஒப்படைத்து, பாலைவனத்தைக் காவலோடு கடப்பித்து, நைல் ஆற்றங்கரைக் கொப்தோசு நகரத்து அரசாங்கப் பண்டகசாலையிலே, கடன் கொடுத்தவனின் முத்திரைக்கு உட்படுத்தி வைப்பேன் என்று அதிலே உறுதி கூறப்படுகின்றது. காவலாளர் வழித்துணையாயினர், பொருள் இன்னாருடைய உரிமைக்கு உட்பட்டது என்பதை முத்திரை காட்டிற்று.

இனி மதுரைக்குச் செல்வோம். அங்கே காவல் வேறு வகையானது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, கடைகளை அடைத்து ஊர் உறங்கும் நள்ளிரவைக் காட்டுகின்றது. நீலக் கச்சை உடுத்து, நூலேணியை இடுப்பிலே சுற்றி, நிலத்தை அகழும் உளியோடு கள்வர் மறைந்து திரிகின்றனர். களிற்றை எதிர்பார்த்திருக்கும் புலி போன்ற ஊர்காவலர், தெருவிலே நீர் திரண்டோடும் மழையிலும் அவர்களைத் தேடி வருகின்றனர். காவல் நூல்களைப் பிழையறக் கற்றவர்கள் என்றும் புலவர் அவர்களைப் புகழ்கின்றார். நல்ல காவலே, ஐயமில்லை. ஆயினும், அச்சத்தை அடிப்படையாகக் கொண்ட காவல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய, மீண்டும் சிலப்பதிகாரத்தையே திறக்க வேண்டும்.

அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன், கோவலனைச் சுட்டிக் காவலரை அழைத்து வருகின்றான். இவனைப் பார்த்தாற் கள்வனாகத் தோன்றவில்லையே என்கின்றனர் காவலர். எனக்கு அக்காப்பியத்திலே மிகவும் பிடித்த மனிதர்கள் அவர்கள். பெயர் கூட இல்லை. உடனே பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டினையும் எடுத்து விரிக்கின்றான். களவு நூலை எத்துணை நன்றாகக் கற்றிருக்கின்றான், பாருங்கள்! அதைக் கேட்ட மற்றோர் இளைஞன், மழைநாள் நள்ளிரவிலே தன் கைவாளைப் பறித்து மறைந்த கள்வனை நினைவுகூர்கின்றான். அவனும் உளியும் நீல உடையும் உடையவனே. மதுரைக்காஞ்சியின் அதே கள்வன்! என்றோ கண்ட அவனுக்காக, எதிரே நின்றவன் வெட்டுண்டான்.

கையிலே சிலம்பு இருந்தது. அதனுள் இருப்பது யாது என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வெள்ளிடை மன்றத்துப் பொதியின் பெயரைப் போல, அதுவும் உடையவளைக் காட்டும் ஓர் அடையாளமே. சிலம்பை உடைத்துப் பார்த்தது பின்னரே. பழி முடிந்த பின்னர், கண்ணகி வழக்குரைத்த போதுதான்.

என் மாணவனுக்குத் தலை தப்பிற்று. கணக்குப் புத்தகத்தை முதல் நாளே புரட்டியிருந்தால் அந்த இரண்டு கிழமையும் அவனுக்கு நேர்ந்திரா. முதலாளி பின்னர் ஆளனுப்பி அழைத்தார். அவன் அக்கடைக்குத் திரும்பிச் செல்லவில்லை.