தீர்ப்புக்குப் பின்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் மொழி. நடுவர் வழங்கும் தீர்ப்புக்கும் இது பொருந்தும். தீர்ப்பை எழுதுபவர் ஒருவர். நிறைவேற்ற வேண்டியவர் மற்றொருவர். தோற்றவர் வேறொரு மாநிலத்தின் அரசாகவே இருப்பின் யாது நிகழும்? காவிரியின் வரலாறு இதற்கு விடை கூறும். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் பாட்டன்மாருள் திருச்சி, தஞ்சைப் பகுதியினர் பலர். ஆதலின் ஈப்போவில் பயிலும் நம் மாணவர்க்கும் இவ்வரலாறு அயலானதன்று.

1892ஆம் ஆண்டில் சென்னை அரசும் மைசூர் அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சென்னையின் இசைவின்றி மைசூர் புதிய அணை கட்டலாகாது. பிணக்கு எழுந்தால் நடுவரை நாடலாம் என்பன அதன் விதிகள். கண்ணம்பாடியில் மைசூர் அணையெழுப்ப முற்பட்டபோது பிணக்கு மூண்டது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் நடுவராக அமர்ந்தார். 1914 மே மாதத்தில் அவர் அளித்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாயிற்று. 1916இல் இந்திய அரசும் அதனை உறுதி செய்தது. சென்னையோ அடங்கவில்லை, இலண்டனிலிருந்த இந்தியா மந்திரியிடம் முறையிட்டது. 1919இல் அத்தீர்ப்பு செயலற்றுப் போயிற்று. இரு அரசுகளும் மீண்டும் பேசி, 1924 பிப்ரவரி 18இல் புதிய ஒப்பந்தம் கண்டன. அதன் வழியே மேட்டூர் அணை 1934இல் நிறைவெய்தியது.

விடுதலைக்குப் பின் காட்சி மாறியது, கதை மாறவில்லை. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. தமிழகத்திற்கு ஆண்டுதோறும் 205 டி.எம்.சி. நீர் விடுமாறு 1991 ஜூனில் அது இடைக்கால ஆணை பிறப்பித்தது. கர்நாடகம் அவசரச் சட்டமியற்றி அதனைத் தடுக்க முனைந்தது. அச்சட்டம் செல்லாதென உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. டிசம்பரில் ஆணை அரசிதழில் வெளிவந்ததும் பெங்களூரில் கலவரம் மூண்டு, எளிய தமிழ்க் குடும்பங்கள் அல்லலுற்றன.

இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தது. அரசிதழில் ஏறியதோ 2013இல். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 419இலிருந்து 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. அதனைச் செயற்படுத்தும் காவிரி மேலாண்மை ஆணையம் அவ்வாண்டு ஜூனில்தான் பிறந்தது. மன்றம் அமைந்த நாள்தொட்டு எண்ணின் இருபத்தெட்டு ஆண்டுகள்! குறுவைப் பயிர் அத்தனை காலம் காத்திருக்குமா?

தனியார் வழக்கில் இத்துணை இடரில்லை. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டப்படி, வென்றவர் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பை ஏற்கச்செய்து, நீதிமன்றத் தீர்ப்பெனவே நிறைவேற்றலாம். அரசுகளுக்கிடையே அத்தகைய கை வலுவாக இல்லாமையே காவிரியின் துயரம்.

இங்கே மாணவர் நடுநிலையோடு ஒன்றை நோக்க வேண்டும். 1914இல் தீர்ப்பை ஏற்க மறுத்தது சென்னை. 1991இல் மறுத்தது கர்நாடகம். தோற்றவர் மறுப்பது எம்மொழியினர்க்கும் பொதுவான இயல்பே. எனவே நல்ல நடுவரைத் தேடுவதோடு நம் கடமை முடிவதில்லை. அவர் சொல்லைச் செயலாக்கும் அமைப்பையும் முன்னரே வகுத்தல் வேண்டும். அஃதில்லையேல் தீர்ப்பு ஏட்டிலிருக்கும், வயல் வறண்டிருக்கும்.