அகம் (இசைக்குழு)

அகம் என்பது பெங்களூரைச் சேர்ந்த கருநாடக புரோகிரசிவ் ராக் இசைக்குழு ஆகும். ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் இதன் பாடகரும் வயலின் கலைஞரும் ஆவார். சன் தொலைக்காட்சியில் ஏ. ஆர். ரகுமான் நடுவராக இருந்த 'ஊ லலலா' போட்டியில் 2007-ல் வென்று, தமிழகத்தில் இக்குழு அறிமுகமானது.

1960-களின் இறுதியில் பிரித்தானியாவில் வளர்ந்த புரோகிரசிவ் ராக், பல பகுதிகள் கொண்ட நீண்ட பாடல்களால் அறியப்படுகிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என விரியும் கீர்த்தனை அவ்வடிவத்திற்கு எளிதில் பொருந்துகிறது. சிக்கல் சுருதிச் சேர்க்கையில்தான் எழுகிறது. ராகத்தில் இல்லாத சுரம் கிட்டாரில் ஒலித்தால் ராகம் கெடும். ராக்கில் வழங்கும் 'பவர் கார்டு' சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே கொண்டது. எனவே காந்தாரம் இல்லாத அம்சநாதம் போன்ற ராகங்களுக்கும் அது இடையூறாவதில்லை.

2012-ல் வெளியான முதல் தொகுப்பான 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்', அம்சநாதத்தில் அமைந்த தியாகராசரின் 'பண்டுரீதி' கீர்த்தனையை 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி' என்ற பெயரில் ராக் இசையுடன் வழங்கியது. அடுத்த தொகுப்பான 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' 2017-ல் வந்தது. அதில் நளினகாந்தி ராகக் கீர்த்தனையான 'மனவ்யாலகிஞ்சரா' 'மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்' ஆனது.

சபா மேடைக்கு வெளியே கீர்த்தனை பாடப்படலாமா என்ற பழைய கேள்விக்கு, ராகத்தை விடாமல் மேடையை மட்டும் மாற்றியதே அகத்தின் விடையாகும்.